209 நாள்: ராமநாதபுரத்தில் ஒரு கருத்தரிப்பு கிளினிக், என் இரண்டு வருட அனுபவம்

கரு தங்கின பிறகு எழுது, இப்போது வேண்டாம் என்றுதான் உம்மா சொன்னார். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு எழுதுகிறவர்களுக்கு எல்லா டாக்டரும் கைராசிக்கார டாக்டர்தான். எனக்கு இன்னும் தங்கவில்லை. இரண்டு வருடமாகப் போய் வரும் இடத்தைப் பற்றி இந்த நிலையில் எழுதினால்தான் அங்கே நடப்பதை உள்ளபடி சொல்ல முடியும் என்று எனக்குப் படுகிறது.

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அதனால். ராமநாதபுரத்தில் இருக்கிறது, முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் குழாய் வழியே கருப்பைக்குள் விடுவது) எல்லாம் இங்கேயே நடக்கும். முட்டை எடுப்பது, கரு வைப்பது போன்றவற்றுக்கு மதுரையில் இருக்கும் அவர்களுடைய பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டரம்மா மதுரையிலிருந்து புதனும் ஞாயிறும் வருகிறார்.

நான் கீழக்கரையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் முகவரி மாற்றம், பட்டா நகல், பாஸ்போர்ட் விண்ணப்பம், இதுதான் என் வேலை. காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், பில்லில் ஒரு வரி புரியாவிட்டால் கேட்டுவிடுவேன். இந்த எழுத்திலும் அந்தப் பழக்கம் தெரியும். மச்சான், அதாவது என் கணவர், அபுதாபியில் ஒரு பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்க்கிறார். 2017 ஜனவரியில் கல்யாணம். அப்போது எனக்கு 22 வயது.

இங்கே வருவதற்கு முன்னால் ஆறரை வருடம் எங்கெங்கோ அலைந்தோம். ஏர்வாடி தர்காவுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா திருப்புல்லாணி கோயிலிலிருந்து பாயசம் வாங்கி வந்து கொடுத்தார். அவர் அன்பு அது, வாங்கிக் குடித்தேன். இவற்றில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, மாதம் ஒரு தடவை லாட்ஜில் அறை போட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு ஆள். மச்சானின் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு ‘நீர்த்துப்போச்சு’ என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியம் என்று 14,000 ரூபாய் வாங்கினார். ஒரு சொட்டுப் பரிசோதனை கிடையாது. விந்தணுக்களின் எண்ணிக்கையை மைக்ராஸ்கோப்பில் வைத்துத்தான் எண்ண முடியும், கெட்டியா நீர்த்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே என்னை மட்டும்தான் சோதித்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் இரண்டும் திறந்திருந்தன. பிறகு ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.4 என்று ஒரு காகிதத்தைக் காட்டி, முட்டை தீர்ந்துகொண்டே வருகிறது, இந்த மாதமே ஐ.வி.எஃப். (டெஸ்ட் ட்யூப் முறை) ஆரம்பிக்க வேண்டும், இன்றைக்கு முன்பணம் கட்டினால் பேக்கேஜில் தள்ளுபடி என்றார்கள். ரிப்போர்ட்டின் நகல் கேட்டதற்கு, பணம் கட்டினால் ஃபைல் தருவோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது பரமக்குடி வரை நானும் உம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம், 2023 ஜூலையில், மச்சான் லீவில் வந்த 12ஆம் நாள் இந்தக் கிளினிக்குக்குப் போனோம். பதிவு செய்யும் பெண் என் பெயரை எழுதிவிட்டு, “சாரோட ஆதாரும் கொடுங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஃபைல் போடணும்” என்றார். அதுவரைக்கும் போன ஒரு இடத்திலும் மச்சானுக்கு என்று ஒரு எண் கொடுத்ததில்லை.

டாக்டரம்மா கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டார். ஆறரை என்றேன்.

“சரி. சேர்ந்து இருந்தது எத்தனை மாசம்?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். டிக்கெட் தேதி மாற்றுவதற்காக மச்சான் அன்று கையில் வைத்திருந்தார். அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இங்கே வந்து இறங்கிய முத்திரை, கிளம்பிப் போன முத்திரை இரண்டையும் பார்த்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு வந்தது 52 நாள். அடுத்தது 45. கொரோனாவில் இரண்டு வருடம் வரவில்லை. அப்புறம் 60. அப்புறம் 40. இப்போது 12. கோடு கிழித்துக் கூட்டினார். 209.

“குழந்தையின்மைன்னு சொல்றதுக்கே பன்னெண்டு மாசம் சேர்ந்து இருந்திருக்கணும்மா. முப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு ஆறு மாசம். உங்களுக்கு இன்னும் ஏழு மாசமே முடியலை. யாரு உங்களுக்குக் குறைன்னு சொன்னது?”

யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீட்டுக்குப் போனால், கைமாறிக் கைமாறி வரும் பிள்ளை எனக்கு முன்னால் இருப்பவரோடு நின்றுவிடும். அவ்வளவுதான். தினம் பத்துப் பேருடைய பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்கிறவள் நான். என் வீட்டுப் பாஸ்போர்ட்டில் இருந்த இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் சவூதி, துபாய், மலேசியா என்று புருஷனை அனுப்பிவிட்டு வருடக்கணக்கை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். டாக்டரிடம் போகும் முன் பாஸ்போர்ட்டை எடுத்து நாளைக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து மாதக் கணக்கு. தலைக்குக் குளித்து முடித்த மறுநாள்தான் கரு தங்கும் என்பது மாமி (என் மாமியார்) சொன்னது. பதினாலாவது நாள் என்பது பள்ளிக்கூடத் தோழி சொன்னது. என் மாதவிலக்கு 35, 36 நாளுக்கு ஒருமுறை வரும். முட்டை வெளிவருவது அடுத்த விலக்கு வருவதற்குச் சுமார் 14 நாள் முன்னால் என்பதால் எனக்கு அது 21, 22ஆம் நாள். வெளியே வந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். ஆக மாதத்துக்கு ஆறு நாள்தான் வாய்ப்பு, அதுவும் முட்டை வரும் நாளோடு முடிந்துவிடும். இதை டாக்டரம்மா மேசைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினார். 40 நாள் லீவில் இந்த ஆறு நாள் ஒரு தடவைதான் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு தடவை. அந்த நாட்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று யோசித்தால், ஒரு லீவில் மச்சானின் ராத்தா (அக்கா) மகள் கல்யாண வேலை, இன்னொன்றில் சென்னையில் விசா வேலை.

முதல் யோசனையாக அவர் மருந்து ஒன்றும் எழுதவில்லை. முடிந்தால் ஒரு வருடம் சேர்ந்து இருங்கள் என்றார். அது முடியவில்லை. குடும்ப விசாவுக்கு மச்சானின் சம்பளம் போதாது. விசிட் விசாவில் நான் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வந்தேன். அது தனிக் கதை.

மச்சானின் பரிசோதனைக்கு வருகிறேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லையே என்றார். டாக்டரம்மா அவரிடம் கோபப்படவில்லை. “நீங்க நல்லாத்தான் இருக்கீங்க தம்பி. ஆண்மை வேற, அணு எண்ணிக்கை வேற. இங்க வர்ற தம்பதிகள்ல பாதிக்குப் பாதி ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கு. உங்க மனைவிக்கு மருந்து செலுத்தி வலிக்க வலிக்க எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. உங்களுக்கு ஊசிகூட இல்லை” என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். கட்டணம் 600 ரூபாய். என் பரிசோதனைகளுக்கு அதுவரை ஆன செலவு 20,000 ரூபாய்க்கு மேல். இந்த 600 ரூபாய்ச் சோதனையைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இங்கேதான் கிளினிக்கின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். விந்து மாதிரி எடுக்கத் தனி அறை கிடையாது. வராந்தா கடைசியில் இருக்கும் கழிவறைதான். தாழ்ப்பாள் சரியாக விழாது. வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள். வீட்டில் எடுத்து வரலாம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கீழக்கரையிலிருந்து பஸ் முக்கால் மணி நேரம். திருப்புல்லாணியில் கூட்டம் ஏறினால் இன்னும் ஆகும். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நடக்கிற காரியமே இல்லை. ஆம்பளைகள் வர மாட்டேன் என்கிறார்கள் என்று குறை சொல்லும் ஓர் இடம் முதலில் அந்தத் தாழ்ப்பாளைச் சரி செய்திருக்க வேண்டாமா? எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்துப் பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஒரு நாற்காலி, வாஷ்பேசின், உள்தாழ்ப்பாள் போட்டார்கள். இப்போது பரவாயில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் போட்ட கணக்குப்படி கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். மச்சானின் முகம் செத்துப்போனது. டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடுத்தது, அணு ஒன்று உருவாகி முழுசாக வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஆறு வாரத்துக்கு முன்னால் மச்சானுக்கு அபுதாபியில் கடுமையான காய்ச்சல். அதன் விளைவு இப்போது தெரியலாம். வேலை செய்யும் இடத்தின் சூடு, சிகரெட் இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அங்கேயே ஒரு லேபில் எடுத்து அனுப்பச் சொன்னார். நவம்பரில் அனுப்பினோம்: 1 கோடியே 40 லட்சம். சிகரெட்டை அதற்குள் விட்டிருந்தார். அடுப்பை விட முடியவில்லை, அதுதானே சோறு.

அந்த லீவு முடிவதற்குள் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். மதுரையில் மச்சானின் மாதிரியை உறைய வைத்தார்கள். மைனஸ் 196 டிகிரி, திரவ நைட்ரஜனில். புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும் என் முட்டை வரும் நாளில் அதை எடுத்துக்கொள்ளலாம். உருக்கும்போது கொஞ்சம் ஓட்டம் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். வெளிநாட்டில் புருஷன் இருக்கும் பெண்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. தேவைப்படும் எல்லாச் சம்மதப் படிவத்தையும் மச்சான் கிளம்பும் முன் ஒரே நாளில், ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் துறைக்கு 2021இல் ஒரு சட்டம் வந்து, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளினிக் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கே போனாலும் அந்தப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். இங்கே வரவேற்பு மேசைக்குப் பின்னாலேயே சுவரில் மாட்டியிருக்கிறது.

என் ஏ.எம்.ஹெச். காகிதத்தையும் கேட்டேன். முட்டை எத்தனை மிச்சம் இருக்கலாம், ஊசி போட்டால் எத்தனை வளரும் என்பதற்குத்தான் அந்த எண் உதவுமாம். முட்டையின் தரத்தையோ, இயல்பாகக் கரு தங்குமா என்பதையோ அது சொல்லாது. 28 வயதில் 1.4 என்பது ஓடி வந்து முன்பணம் கட்ட வேண்டிய எண் இல்லை என்றார்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவர் முழுக்கக் கொழுகொழுக் குழந்தைகளின் படம். யோசித்து மாட்டியிருக்க மாட்டார்கள். ரிசல்ட் வாங்கிவிட்டு வரும் ஒருத்தி எந்தச் சுவரைப் பார்ப்பாள்? இன்னும் கழற்றவில்லை. டோக்கன் ஒன்பதரைக்கு, டாக்டர் வருவது பதினொன்றுக்கு. மதுரையிலிருந்து வரும் வழியில் அவருக்குத் தாமதமானால் நமக்கும் அரை மணி போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கூட்டம் தாங்காது. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையில். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆம்பளைகள் அப்போதுதான் பொண்டாட்டியோடு வர முடிகிறது. அவர்களுக்கும் எங்களுக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அங்கேதான் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் பழக்கம். அவருக்கு ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். பிறகு தங்கவே இல்லை. “ஒண்ணு பெத்தவளுக்கு என்ன குறை, நீதான் தங்காம இருக்க மாத்திரை போடுறன்னு என் மாமியா சொல்லுது தங்கச்சி” என்றார். முதல் பிரசவத்துக்குப் பிறகு வந்த தொற்றில் அவருக்கு இரண்டு குழாயும் அடைத்துப்போயிருந்தன. ஒரு பிள்ளை பெற்றவளுக்கும் வரலாம், முதல் பிள்ளைக்குத் தடையில்லாமல் இருந்த புருஷனுக்கும் பிறகு வரலாம். ஓரியூர் அருளானந்தர் கோயில் சிவப்பு மண்ணைச் சின்னத் துணியில் முடிந்து கைப்பையில் வைத்திருப்பார். ஸ்கேன் அறைக்குப் போகும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வரும் வரை நான் மூடிய கையைத் திறக்க மாட்டேன்.

2024இல் இரண்டு ஐ.யூ.ஐ. செய்தோம். ஒன்றுக்கு 8,000 ரூபாய், மருந்து தனி. அணுக்களைக் கழுவி, நல்ல ஓட்டம் உள்ளவற்றைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் விடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை, வலி பெரிதாக இல்லை. பலர் இதையும் டெஸ்ட் ட்யூப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் கரு உருவாவது உடம்புக்குள்ளேதான். நூறு தடவை செய்தால் பத்து, பதினைந்து தடவை தங்கும் என்று முன்னாலேயே எழுதிக் காட்டினார்கள். முதல் தடவை ஒரு குழப்பம் நடந்தது. என் முட்டை வெளியேறியது வெள்ளிக்கிழமை. டாக்டர் வருவது ஞாயிறு. ஒரு வாய்ப்பு வீணானது. முட்டைக்குக் கிழமை தெரியாது என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து நாள் நெருங்கினால் உள்ளூர் டாக்டர் ஒருவர் வந்து செய்யும்படி மாற்றினார்கள்.

ஐ.யூ.ஐ. முடிந்த அன்று பஸ்ஸில் போகக் கூடாது, வேகத்தடையில் ஏறி இறங்கினால் விழுந்துவிடும் என்று மாமி கார் பிடித்து அனுப்பினார். பத்து நாள் மாடி ஏறவிடவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். கருப்பை என்றால் உள்ளே எதையோ போட்டு வைத்த டப்பா மாதிரி நாம் நினைக்கிறோம். அதன் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. ஈரத் துணி மடிப்புக்குள் ஒட்டிய கடுகு நாம் நடந்தால் விழுமா என்றார். படுத்தே கிடந்தால் கரு தங்குவது கூடுவதில்லை. வழக்கமான வேலை எல்லாம் செய்யலாம். மாமியை ஒருநாள் கூடவே அழைத்துப் போய் இதை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். மாமி கேட்ட கேள்வி இன்னொன்று: “இப்படிப் பொறக்குற புள்ளை நல்லா இருக்குமா டாக்டரம்மா? நிலைக்குமா?” உலகத்தின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தவர், அவருக்கே இயல்பாகக் கருத்தரித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே வருடம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்ததையும், அவர் சொன்னதை அன்றைக்கு இருந்த அதிகாரிகள் நம்பாமல் அலைக்கழித்ததையும் சொன்னார். மாமி அந்த டாக்டருக்காக ‘அட பாவமே’ என்றார். வீட்டுக்கு வந்து மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னதும் அந்தக் கதையைத்தான்.

ஐ.வி.எஃப். 2025 ஜனவரியில், மச்சான் லீவில் இருந்தபோது. பத்து நாள் வயிற்றில் ஊசி. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் வைத்துக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பக்கத்து சீட்டுப் பாட்டி, “என்னம்மா, நண்டா?” என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஃப்ரிட்ஜில் மீன் வைக்கும் தட்டைக் கழுவிக் காலி செய்து உம்மா இடம் ஒதுக்கினார். ஊசி போட்டால் முட்டை எல்லாம் தீர்ந்து சீக்கிரம் விலக்கு நின்றுவிடும் என்று நானே பயந்தேன். மாதாமாதம் சில முட்டைகள் வளர ஆரம்பித்து, ஒன்று மட்டும் முழுசாகி, மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. அப்படி அழியப்போகிறவற்றைத்தான் ஊசி வளர்த்து எடுக்கிறது. அடுத்த மாதத்து முட்டையைத் தொடுவதில்லை. ஒன்பதாம் நாள் ஸ்கேனில் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். சீவிய நுங்கில் கண் கண்ணாகத் தெரியுமே, அப்படிக் கறுப்பாக, உருண்டையாக. நான் விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று.

எடுத்தது ஒன்பது முட்டை. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஓர் அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை. எண்ணிக்கை குறைந்த ஆண்களுக்கு 1992இலிருந்து இருக்கும் வழி. ஆறு கருவானது. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது மூன்று. மூன்றையும் உறைய வைத்தார்கள். மூன்றையும் ஒரேயடியாக வைத்தால் ஒன்றாவது தங்காதா என்று கேட்டேன். இரட்டை, மூன்று என்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, குறைமாதத்தில் பிறக்கும், உங்கள் வயதுக்கு ஒவ்வொன்றாக வைப்பதே நல்லது என்றார்கள்.

எனக்கு மிகப் பெரிய பயம் வேறு. எங்கள் மார்க்கத்தில் கணவன் மனைவி இருவருடையது மட்டும்தான் ஆகும். வேறொருவருடையது கலக்கக் கூடாது. மச்சான் நம்பிக்கையான ஒரு ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டபோதும், உங்கள் இருவருடையது, திருமணம் நிலைத்திருக்கும்போது, அப்படியென்றால் தடையில்லை என்றுதான் சொன்னார். ஆனால் லேபில் மாறிப்போகாது என்று யார் சொல்வது? இதைக் கேட்கவே நான் மூன்று தடவை தயங்கினேன். லேப் பொறுப்பாளர் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்துக் காட்டினார். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் என் பெயர், மச்சான் பெயர், எங்கள் எண். ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று எண்ணைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு மேடையில் ஒரு தம்பதியின் கிண்ணம் மட்டும்தான். கரு வைக்கும் நாளில் என்னையே என் பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொன்னார்கள். தானம் என்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், பதிவு பெற்ற விந்து, முட்டை தான வங்கி வழியாகத்தான் வர வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நடக்காது என்றார். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஏப்ரலில் ஒரு கரு வைத்தார்கள். நூறு பேருக்கு இப்படி வைத்தால் நாற்பது பேருக்குத் தங்கும், அறுபது பேருக்குத் தங்காது என்பதை மறைக்கவில்லை. 100 சதவீதம் உத்தரவாதம் என்று போர்டு வைக்கும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பதினாலாம் நாள் ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். ஒரு பெரியவருக்கு ஆதார் முகவரி மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “நெகடிவ்மா. மாத்திரையை நிறுத்திடுங்க. பீரியட்ஸ் வந்ததும் கூப்பிடுங்க.” பிறகு எடுத்துப் பார்த்தேன், 19 விநாடி. பெரியவர், “என்ன மகளே, கரண்ட் போயிருச்சா?” என்றார். இல்லை வாப்பா என்று சொல்லிவிட்டு, அவர் விரலைத் திரும்ப மெஷினில் வைத்தேன். அன்று மாலை நான்கு பக்கம் எழுதி ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா கையில் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே முழுவதும் படித்தார், மன்னிப்புக் கேட்டார். இப்போது ரத்தம் எடுக்கும்போதே ஒரு சீட்டு தருகிறார்கள்: ரிசல்ட்டை யாரிடம், எத்தனை மணிக்கு, போனிலா நேரிலா சொல்ல வேண்டும் என்று. அந்தச் சீட்டில் நான் ‘நேரில், உம்மாவோடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

செலவு: ஐ.வி.எஃப்.புக்கு 1,65,000 ரூபாய், ஊசி மருந்து தனியாக 70,000. வரி வரியாகப் பில் தருகிறார்கள். ஒரு தடவை ‘இதர செலவு 2,300’ என்று இருந்தது, என்னவென்று கேட்டேன், விவரம் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். கேளுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலும் கேட்காமலே கைக்கு வரும்.

போகிறவர்கள் புதன்கிழமை போங்கள், ஞாயிறு கூட்டம் அதிகம். இரண்டு பேரின் ஆதார், பழைய ரிப்போர்ட் எல்லாம், வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட், மூன்று மாத விலக்குத் தேதி எழுதிய காகிதம். பரிசோதனைக்கு முன் ஆண்களுக்கு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு இதைச் சொன்னால் திரும்பித்தான் போக வேண்டும், ஆகவே முன்னாலேயே போன் செய்யுங்கள். கீழே டீக்கடையில் பதினோரு மணிக்கு மேல் சூடான வடை கிடைக்கும்.

எங்களுக்கு இன்னும் இரண்டு கரு மதுரையில் இருக்கிறது. அடுத்தது செப்டம்பரில். தங்கச்சிமடத்து அக்காவுக்கும் அதே வாரம்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். மதுரைக்கு ஒரே பஸ்ஸில் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.